நுரையில் சிறிய குமிழிகள் உடையாமலேயே மறைவது ஏன்?

மூடிவைத்த பாட்டிலில் உள்ள சோப்பு நுரையில்கூடச் சிறிய குமிழிகள் மறைந்து பெரியவை மேலும் பெரிதாகின்றன, எதுவும் உடைவதாகத் தெரியவில்லையே, உள்ளிருந்த காற்று எங்கே போகிறது என்று கேட்டிருக்கிறீர்கள்.

காற்று பக்கத்துக் குமிழிக்குப் போகிறது. சோப்புப் படலத்தில் காற்று சிறிதளவு கரையும். அழுத்தம் மிகுந்த பக்கத்தில் கரைந்து, குறைந்த பக்கத்தில் வெளிவரும். பரப்பு இழுவிசையின், அதாவது படலம் தன் பரப்பைச் சுருக்கிக்கொள்ள இழுக்கும் விசையின், காரணமாகத் தனித்த குமிழியொன்று எவ்வளவு சிறியதோ அவ்வளவு அதிக அழுத்தம் அதனுள் இருக்கும் என்பதால், சிறியது பெரியதற்குத் தன் காற்றை இழக்கிறது. பாடநூல்கள் பெரும்பாலும் இத்துடன் நிறுத்திக்கொள்கின்றன. ஆனால் குமிழிகள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டிருக்கும் நுரையில், அளவை மட்டும் வைத்து எது சுருங்கும் என்று சொல்லிவிட முடியாது.

இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கிடையே ஒரே அடுக்காக அமைந்த, நீர் பெரும்பாலும் வடிந்துவிட்ட நுரையை எடுத்துக்கொள்வோம். அதில் எங்கும் மூன்று மூன்று சுவர்களாகவே சந்திக்கும். அவற்றிடையே கோணம் 120 பாகை. நுரையின் வடிவ விதிகளைத் தொகுத்து 1873இல் நூலாக வெளியிட்ட பெல்ஜிய அறிவியலாளர் ஜோசப் பிளாட்டோ அதற்குப் பல ஆண்டுகள் முன்பே பார்வையை இழந்திருந்தார் என்பதை இங்கே சொல்லாமலிருக்க மனம் வரவில்லை.

இந்த 120 பாகையை மட்டும் கொண்டு 1952இல் கணிதவியலாளர் ஜான் வான் நாய்மன் ஒரு முடிவுக்கு வந்தார். ஒரு குமிழியின் எல்லையை ஒருமுறை சுற்றிவந்தால் நாம் மொத்தம் 360 பாகை திரும்பியாக வேண்டும். மூலையின் உட்கோணம் 120 பாகை என்பதால், ஒவ்வொரு மூலையிலும் 180இல் மீதமுள்ள 60 பாகை திரும்புகிறோம். ஐந்து பக்கக் குமிழியில் மூலைகள் 300 பாகையையே தருவதால், மீதி 60 பாகையைச் சுவர்கள் வெளிப்புறம் வளைந்து ஈடுசெய்தாக வேண்டும். அப்படிப் புடைத்திருப்பதற்குப் பொருள் உள்ளே அழுத்தம் அதிகம் என்பதே. ஏழு பக்கமானால் மூலைகளே 420 பாகை தந்துவிடுவதால் சுவர்கள் உள்நோக்கிக் குழிகின்றன, காற்று உள்ளே வருகிறது. ஒரு சுவர் வழியாகக் கடக்கும் காற்றின் அளவு அதன் வளைவையும் நீளத்தையும் பெருக்கிய அளவைச் சார்ந்தது. அந்தப் பெருக்கற்பலனோ அச்சுவரில் நாம் திரும்பும் கோணமே. ஆகவே குமிழியின் பரப்பளவு மாறும் வேகம் பக்க எண்ணிக்கையிலிருந்து ஆறைக் கழித்தால் வருவதற்கு நேர்விகிதத்தில் இருக்கும். குமிழியின் அளவு இந்தக் கணக்கில் எங்குமே வரவில்லை! பெரிய ஐங்கோணமும் சிறிய ஐங்கோணமும் ஒரே வேகத்தில் பரப்பை இழக்கின்றன. அறுகோணம் அப்படியே நிற்கிறது. சிறிய குமிழிகளுக்குப் பொதுவாகப் பக்கங்கள் குறைவு என்பதால்தான் அளவே காரணம் என்று நமக்குத் தோன்றுகிறது.

பாட்டிலில் உள்ள முப்பரிமாண நுரைக்கு இவ்வளவு எளிய விதி கிடையாது. முகங்களை எண்ணுவது அங்கே போதாது. அதற்குரிய துல்லியமான சமன்பாட்டை கணிதவியலாளர் மெக்பெர்சன், பொருளறிவியலாளர் ஸ்ரோலோவிட்ஸ் இருவரும் 2007இல்தான் கண்டனர்.

வேகத்தை முடிவுசெய்வதில் வாயுவுக்கும் பங்குண்டு. நைட்ரஜன் நீரில் கரைவது கார்பன் டை ஆக்சைடைவிட மிகக் குறைவு என்பதால் நைட்ரஜன் நுரை நெடுநேரம் நுண்ணியதாகவே இருக்கும். தகடுகளை வைத்துப் பார்க்க விரும்பினால், ஓர் அறுகோணத்தைத் தேர்ந்தெடுத்துக் கவனியுங்கள்: அருகிலுள்ள முக்கோணக் குமிழி மறையும்போது அது ஒரு பக்கத்தை இழந்து ஐங்கோணமாகும், அதன் பிறகே சுருங்கத் தொடங்கும்.