கங்காரு மூளைப் படத்தில் சிவப்பு வட்டம்

செமினார் சார்ட்டில் கங்காரு மூளைக்குக் கார்பஸ் கலோசம் (மூளையின் இடது, வலது பாதிகளை இணைக்கும் நரம்புப் பாலம்) வரைந்ததை மேடம் சிவப்பில் சுழித்துவிட்டார், அது இல்லாமல் இரண்டு பக்கப் பார்வையும் எப்படி இணையும் என்று கேட்டிருந்தீர்கள். மேடம் சொன்னது சரிதான். கங்காரு போன்ற பைப்பாலூட்டிகளுக்கு அந்தப் பாலமே கிடையாது. கண்ணின் தகவல் நம்மைப் போலவே மூளை நடுவில் இருக்கும் தலாமஸ் என்ற இடைநிலையம் வழியாகத்தான் மூளையின் பின்பக்கப் புறணிக்கு, அதாவது மேலடுக்குக்குப் போகிறது. இடதும் வலதும் பேசிக்கொள்வது மட்டும் அடியில் குறுக்கே ஓடும் ஆன்டீரியர் கமிஷர் என்ற நரம்புக்கட்டு வழியாக. நமக்கு அது நூல் மாதிரி, அவற்றுக்குத் தாம்புக்கயிறு! கங்காரு, கோலா வகையறாவுக்கு மேல்பக்க நரம்பிழைகள் அதில் இறங்கிச் சேர ஃபாசிகுலஸ் அபெரன்ஸ் என்ற குறுக்குவழி வேறு. அதையும் வரையுங்கள், மேடம் அசந்துவிடுவார். சார்ட்டுக்காக மறுபடி பாரிமுனை வரை அலைய வேண்டாம், அந்த இடத்தில் வெள்ளைத்தாள் ஒட்டினால் போதும்.