எட்டரை மணிக்குக் கைரேகை வைக்கும் வேலையில் மகளைச் சேர்க்கலாமா?

மதிப்பிற்குரிய ஐயா,

இயந்திரப் பொறியியல் முடித்த உங்கள் மகளுக்கு அம்பத்தூரில் ஒரு பழைய தொழிற்சாலையில் பயிற்சிப் பொறியாளர் வேலையும், வீட்டிலிருந்தே பார்க்கக்கூடிய மென்பொருள் சோதனை வேலையும் ஒரே வாரத்தில் கிடைத்திருப்பதையும், முதலாவதில் சேர அவர் தயங்குவது உங்களுக்குக் கவலை அளிப்பதையும் உங்கள் கடிதத்தால் அறிந்தேன். அவருடைய தயக்கம் நியாயமானது. ஆயினும் அவர் தொழிற்சாலையில் சேர்வதே நல்லது என்று கருதுகிறேன்.

காலை எட்டரைக்குக் கைரேகைப் பதிவு, மூன்று நாள் தாமதமானால் அரை நாள் விடுப்புக் கழிவு, சனிக்கிழமையும் வேலை, ஒரு மணி நேரப் பெர்மிஷனுக்கும் துறைத் தலைவரின் கையெழுத்து ஆகியவை நமக்குச் சிறியவையாகத் தோன்றலாம். தாம்பரத்திலிருந்து அன்றாடம் வந்துபோக வேண்டிய பெண்ணுக்கு, கம்பெனி பஸ் இல்லாவிட்டால், அவை பெரும் சுமை. அதைவிடப் பெரிய குறை, இத்தகைய பல நிறுவனங்களில் பதவி உயர்வு திறமையைக் காட்டிலும் பணிமூப்பைப் பார்த்தே வருவதுதான். மூன்று மாத நோட்டீஸ் பீரியட் இருந்தால், உடனே சேரச் சொல்லும் அடுத்த நிறுவனத்தின் வாய்ப்பும் கைநழுவக்கூடும்.

எனினும், வரைபடத்தில் 0.02 மில்லிமீட்டர் வரை அனுமதிக்கலாம் என்று எழுதும் அளவு விலக்கம், கிரைண்டிங் இயந்திரத்தில் சக்கரம் தேயத் தேய எப்படிக் கைமீறிப் போகிறது என்பதையும், கழிக்கப்பட்ட பாகங்களின் குவியலைப் பார்த்தே தவறு எந்த இயந்திரத்தில் என்று ஒரு மூத்த ஃபோர்மேன் எப்படிச் சொல்கிறார் என்பதையும் வீட்டில் கணினிமுன் அமர்ந்து கற்க இயலாது. தான் படித்த துறையிலேயே நிலைக்க விரும்புகிறவருக்கு முதல் இரண்டு ஆண்டுகளில் இதற்கு ஈடான பயிற்சி வேறில்லை. மென்பொருள்தான் தன் விருப்பம் என்று அவர் தெளிவாகச் சொன்னால், என் கருத்தும் மாறும்.

சம்பளத்தை ஒப்பிடும்போது, ஓர் ஊழியருக்காக நிறுவனம் ஆண்டுக்குச் செலவிடும் மொத்தத் தொகையான சிடிசியை மட்டும் பார்க்காதீர்கள். அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்து 15,000 ரூபாய் என்றால், வருங்கால வைப்பு நிதிக்கு 12 விழுக்காடாக ஊழியர் பங்கு 1,800, நிறுவனத்தின் பங்கு 1,800; பின்னதில் 1,250 ஓய்வூதியத் திட்டத்திற்குச் செல்லும். இதை முறையாகக் கட்டுவதில் பழைய நிறுவனங்கள் பெரும்பாலும் ஒழுங்காக இருக்கின்றன. வேலையை விட்டு விலகும்போது கிடைக்கும் பணிக்கொடையான கிராஜுவிட்டியையும் சிடிசியில் சேர்த்துக் காட்டுவார்கள்; ஆனால் நிரந்தர ஊழியருக்குப் பொதுவாக ஐந்தாண்டு தொடர் பணிக்குப் பின்னரே அது கிடைக்கும். கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் 26,000 என்றால், ஐந்தாண்டுக்கு 75,000 ரூபாய் வரும். இரண்டாண்டில் விலகும் எண்ணமிருந்தால் அத்தொகையைக் கணக்கில் எடுக்க வேண்டாம்.

சேருமுன் மூன்றைக் கேட்டறியச் சொல்லுங்கள்: பயிற்சிக் காலம் முடிந்ததும் எந்தப் பிரிவு, உற்பத்திப் பிரிவில் ஏற்கெனவே பெண் பொறியாளர்கள் இருக்கிறார்களா, இடையில் விலகினால் பணம் கட்ட வேண்டிய ஒப்பந்தம் உண்டா. இரண்டாவதற்கு மனிதவளத் துறையின் பதிலோடு நிற்காமல், அங்கே வேலை பார்க்கும் ஒரு பெண்ணிடமே அவர் நேரில் பேசட்டும். அசல் சான்றிதழ்களைத் தம்மிடமே வைத்துக்கொள்வோம் என்று நிறுவனம் சொன்னால், மற்ற எல்லாம் நன்றாக இருந்தாலும், அந்த வேலை வேண்டாம். சரிபார்ப்புக்கு அசலைக் காட்டி, நகலைக் கொடுத்தால் போதுமானது.