படத்தோடு ஒரு கடிதம்: வாசகர் கேள்விகள்

பிரேம் போடுவது என் தொழில் என்பதால் கண்ணாடி, அட்டை, பசை பற்றித்தான் இந்தப் பகுதிக்குக் கேள்வி வரும். இந்த முறை குடும்பப் படத்தோடு கைப்பட ஒரு கடிதமும் வைத்துக் கொடுப்பது பற்றிப் பலர் கேட்டிருக்கிறீர்கள். என்ன எழுதுவது என்றுகூடக் கேட்டிருக்கிறீர்கள். சரி, தெரிந்ததைச் சொல்கிறேன்.

அக்கா, அப்பாவின் எழுபதாவது பிறந்தநாளுக்குக் குடும்பமாகப் படம் எடுத்திருக்கிறோம். பிள்ளைகள் நால்வரும் ஆளுக்கொரு கடிதம் எழுதி அதோடு கொடுப்பதாக ஏற்பாடு. ‘அன்புள்ள அப்பாவுக்கு’ என்பதைத் தாண்டி என் பேனா நகரவில்லை. எழுதியதைப் படித்தால் ஆண்டு விழா வாழ்த்துரை மாதிரி இருக்கிறது.

படத்தை எடுத்து முன்னால் வையுங்கள். அப்பாவின் முகத்தை விட்டுவிட்டு மற்றதைப் பாருங்கள். படம் எடுக்கும்போது முகத்தை எல்லோரும் தயார் செய்துகொண்டுதான் நிற்பார்கள். கையை யாரும் தயார் செய்வதில்லை. அது யார் தோளில் இருக்கிறது, சட்டைப் பையில் என்ன துருத்திக்கொண்டிருக்கிறது, கடிகாரப் பட்டை எந்த ஓட்டையில் மாட்டியிருக்கிறது என்று பாருங்கள். ஏதாவது ஒன்று உங்களுக்கு மட்டும் தெரிந்த சம்பவத்தைக் கிளப்பிவிடும். கடிதத்தை அங்கே ஆரம்பியுங்கள்.

என் அண்ணன் மகள் அவள் தாத்தாவுக்கு, அதாவது என் அப்பாவுக்கு, எழுதிய கடிதம் இப்படித் தொடங்கும்: “தாத்தா, இந்தப் படத்தில் உங்கள் பையில் இரண்டு பேனா இருக்கிறது. ஒன்று எழுதாது. பிறகு எதற்கு என்று கேட்டேன். இரவல் கேட்பவர்களுக்குக் கொடுக்க என்றீர்கள்.” அப்பா அதைப் படித்துவிட்டு, வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் காட்டினார். இரவல் கேட்பவர்களிடமும்தான்.

தியாகம், உழைப்பு, பாசம் என்ற சொற்கள் கூடவே கூடாது என்று சொல்லமாட்டேன். ஒரு சம்பவத்தைச் சொல்லி முடித்த பிறகு, ஒரே ஒருமுறை வரட்டும். ‘எங்களுக்காக ஓய்வில்லாமல் உழைத்தீர்கள்’ என்பது எந்த அப்பாவுக்கும் பொருந்தும். ‘இரவு ஷிப்ட் முடிந்து வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் என் கணக்கு நோட்டைப் பிரிப்பீர்கள்’ என்றால் அது உங்கள் அப்பா மட்டும்தான். எழுதி முடித்ததும் ஒன்று யோசியுங்கள்: இந்தக் கடிதம் தவறிப்போய் பக்கத்து வீட்டுக்காரர் கையில் கிடைத்தால், தன் பிள்ளை எழுதியது என்று அவர் நம்பிவிடுவாரா? நம்பிவிடுவார் என்றால் இன்னொரு தாள் எடுக்கவேண்டியதுதான்.

ஒரு பக்கம் போதும். நால்வரும் முன்கூட்டியே ஒருவர் எழுதியதை ஒருவர் படிக்காதீர்கள். இரண்டு பேர் ஒரே சம்பவத்தை எழுதிவிட்டால் நல்லதுதான். இரண்டு விதமாக இருக்கும், அப்பாவுக்கு நடுவர் வேலை கிடைக்கும். கடைசியில் தேதியையும், படத்தில் இடமிருந்து வலமாக நிற்பவர்களின் பெயரையும் எழுதிவிடுங்கள். இன்று அது அசட்டுத்தனமாகத் தெரியும். பேரனின் பிள்ளைக்கு அந்த வரிதான் முதலில் தேவைப்படும்.

அம்மாவுக்குக் கடிதம் எழுதவேண்டும், ஆனால் என் கையெழுத்து கோழிக் கிறுக்கல். தட்டச்சு செய்து அச்செடுத்து, கீழே கையெழுத்து மட்டும் போட்டால் போதாதா?

போதாது. உங்கள் ஒன்றாம் வகுப்பு நோட்டையே படித்தவர் உங்கள் அம்மா, இதையும் படிப்பார். எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக, வரிக்கு வரி நன்றாக இடம் விட்டு, கறுப்பு மையில் எழுதுங்கள். அடித்தல் திருத்தல் இருந்தால் இருக்கட்டும்.

படத்துக்குப் பின்னாலேயே கடிதத்தை எழுதிவிடலாமா? எந்தப் பேனா, எந்தக் காகிதம்?

பின்னால் நீளமாக எழுதவேண்டாம். பால்பாயிண்ட் பேனாவை அழுத்தினால் முன்பக்கம் தடம் எழும்பும். அதுவும் சரியாக யாருடைய கன்னத்திலாவதுதான் எழும்பும். ஸ்டூடியோக்களில் கிடைக்கும் இன்றைய வண்ணப் படங்களின் தாளுக்கு இரு பக்கமும் மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு உண்டு. அதில் மை சீக்கிரம் காயாது. அடுக்கி வைத்தால் மேலே இருக்கும் படத்தின் முகத்தில் ஒட்டிக்கொள்ளும். பூச்சில்லாத பழைய கறுப்பு வெள்ளைப் படம் என்றால், மென்மையான பென்சிலால் ஓரத்தில் லேசாகப் பெயரும் தேதியும் குறிக்கலாம், அவ்வளவுதான்.

இந்த ஆசை புதிதல்ல. 1914இல் கோடக் நிறுவனம் ‘ஆட்டோகிராஃபிக்’ என்ற கேமரா வரிசையைக் கொண்டுவந்தது. முதுகில் ஒரு குட்டிக் கதவு இருக்கும். படம் எடுத்ததும் அதைத் திறந்து, உலோகக் குச்சியால் பிலிமின் காகித உறைமேல் பெயரோ தேதியோ எழுதி, சில விநாடி வெளிச்சம் காட்டவேண்டும். பிலிமைக் கழுவும்போது படத்தோடு அந்தக் கையெழுத்தும் நெகட்டிவிலேயே வந்துவிடும். அதை ஏன் கைவிட்டார்களோ என்று எனக்கு இன்னும் ஆதங்கம்.

கடிதத்துக்குத் தனித் தாள். அமிலமில்லாத தாளாக, ‘ஆசிட் ஃப்ரீ’ என்று போட்டிருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். செய்தித்தாள் வெகு சீக்கிரம் மஞ்சளாவது அதன் மரக்கூழில் லிக்னின் என்ற மரப்பொருள் நீக்கப்படாமல் இருப்பதால். மட்டமான நோட்டுத் தாளுக்கும் பெரும்பாலும் அதே கதிதான். பேனாவுக்கு ‘பிக்மென்ட் இங்க்’ என்று கேளுங்கள். நிறமித் துகள் கலந்த அந்த மை தண்ணீரில் கரையாது, வெளிச்சத்துக்கும் தாக்குப்பிடிக்கும். ஸ்கெட்ச் பேனா பக்கம் போகவே வேண்டாம்.

இரண்டையும் ஒரே பிரேமில் போடலாமா? லேமினேட் செய்துவிட்டால் பத்திரம்தானே?

லேமினேஷனை மறந்துவிடுங்கள். சூட்டில் ஒட்டியதைப் பிரிக்க வழியே இல்லை.

ஒரே பிரேமில் போடலாம். ஆனால் சுவரில் மாட்டினால் வருகிறவன் போகிறவன் எல்லாம் நின்று படிப்பான். அந்தரங்கமான வரி ஒன்று இருந்தால் அப்பா நெளிவார். நான் பெரும்பாலும் சொல்வது, படம் முன்னால், கடிதம் பின்பலகையில் ஒட்டிய காகித உறைக்குள். வேண்டும்போது எடுத்துப் படிக்கலாம், வெயிலும் படாது. கடிதமும் வெளியே தெரிந்துதான் ஆகவேண்டும் என்றால், ஸ்கேன் செய்த நகலை மாட்டிவிட்டு மூலத்தைப் பெட்டியில் வையுங்கள்.

பிரேமில் கண்ணாடி படத்தைத் தொடவே கூடாது. நடுவில் மவுண்ட் அட்டை வைத்து இடைவெளி விடச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் ஈரம் ஏறி, படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். அப்படி ஒட்டியதைப் பிரிக்கச் சொல்லி வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது, அப்படியே ஒரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள் என்பதுதான். பசைத் தாள் ஆல்பமும் பிவிசி என்ற பிளாஸ்டிக் உறையும் இதே ரகம். பாலியெஸ்டர் உறை நல்லது.

படத்தில் என் பக்கத்தில் நிற்கும் அண்ணனோடு இப்போது எனக்குப் பேச்சு இல்லை. அவருக்கும் எழுதலாமா?

தாராளமாக எழுதுங்கள். நடந்த சண்டையை மட்டும் தொடாதீர்கள், யார் சொன்னது சரி என்பதை அறவே தொடாதீர்கள். நீங்கள் இருவரும் சின்ன வயதில் இருக்கும் படம் ஒன்றைத் தேடி, அதற்கு ஒரு பிரதி போட்டு, அந்தப் படத்தைப் பற்றி மட்டும் நாலு வரி எழுதுங்கள். ‘பதில் போடு’ என்று முடிக்காதீர்கள், அது வட்டி கேட்பதுபோல் ஆகிவிடும். அம்மாவிடம் கொடுத்தனுப்பவும் வேண்டாம், பாவம், நடுவில் மாட்டிக்கொள்வார். தபாலில் போடுங்கள். உறைக்குள் படத்தின் அளவுக்கு ஒரு கெட்டி அட்டை வைத்துவிட்டால் வழியில் மடங்காது.