பாலாற்றங்கரையில் நடைபாதையும் மிதிவண்டிப் பாதையும் அமைக்கப் பணம் எங்கிருந்து வரும்?

வேலூருக்கும் காட்பாடிக்கும் இடையே, விருதம்பட்டுப் பக்கம் கரையோரமாக இப்படியொரு பாதை அமைக்க முடியுமா, அதற்கான நிதியை யார் தருவார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். பணத்தைத் தேடுவதற்கு முன் நிலம் யாருடையது என்பதைப் பார்க்க வேண்டும். ஆற்றுப் புறம்போக்கு அரசு நிலம் என்பதால், வருவாய்த் துறையின் அளவீட்டைக் கொண்டு எல்லையை உறுதிசெய்து, நீர்வளத் துறையிடம் தடையின்மைச் சான்று பெறாமல் மாநகராட்சி எந்த மதிப்பீட்டையும் முன்னெடுப்பது கடினம்.

பாலாறு ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே கிடப்பதால், ஆற்றுக்குள்ளேயே பாதை போட்டுவிடலாம் என்று சிலருக்குத் தோன்றும். 2021 நவம்பர் வெள்ளத்தைக் கண்டவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள். பாதை கரையின் மேற்பகுதியில் அமைவதே நல்லது. நடப்போருக்குக் குறைந்தது 1.8 மீட்டர் அகலமும், மிதிவண்டிகளுக்குத் தனிப் பிரிவும் வேண்டும். கழிவுநீர் ஆற்றில் கலக்கும் இடங்களை முதலில் சரிசெய்யாவிட்டால், மூக்கைப் பொத்திக்கொண்டு யாரும் நடக்க வரமாட்டார்கள்.

நிதியை ஒரே இடத்தில் எதிர்பார்க்காமல், பகுதி பகுதியாகத் திரட்டுவதே நடைமுறைக்கு ஒத்துவரும். ‘நமக்கு நாமே’ திட்டத்தில் மக்கள் ஒரு பங்கைச் செலுத்தினால் மீதியை அரசு தரும். சட்டமன்ற உறுப்பினரின் தொகுதி மேம்பாட்டு நிதி விளக்குகளுக்கும் இருக்கைகளுக்கும் உதவக்கூடும். 2013ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின்படி, குறிப்பிட்ட வரம்பைக் கடந்த நிறுவனங்கள் சராசரி நிகர லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும் என்பதால், இராணிப்பேட்டை, ஆம்பூர் வட்டாரத்தின் பெரிய தோல் நிறுவனங்களை அணுகலாம். பாலாற்றுக்கு அவர்கள் பட்ட கடன் சிறிதல்ல என்பது என் கருத்து. பராமரிப்புச் செலவை மட்டும் மாநகராட்சியின் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்திலேயே சேர்க்கக் கோருங்கள்.