மலேயா போன கொள்ளுத்தாத்தாவை எங்கே தேடுவது?

கேள்வி: அம்மாவின் தாத்தா 1930-களில் நாகப்பட்டினத்தில் கப்பலேறி மலேயா போனவர். முதலில் இரண்டு மூன்று கடிதம் வந்ததாம், அப்புறம் தகவலே இல்லை. ‘சின்னத்தம்பி’ என்ற பெயர் மட்டும்தான் வீட்டில் தெரியும். கொள்ளுப்பாட்டி கடைசிவரை புருஷன் பெயரைச் சொன்னதே இல்லை. வி.ஏ.ஓ. ஆபீசில் ஒன்றும் கிடைக்கவில்லை. எங்கே தேடுவது?
– வாசகி, மன்னார்குடி

பதில்: வி.ஏ.ஓ. மேல் கோபப்படாதீர்கள். 1980-இல் பரம்பரைக் கணக்குப்பிள்ளை, முன்சீப் பதவிகளை ஒழித்த பிறகு வந்த வேலை அது. அவர் கையில் இருப்பது இப்போதைய பட்டா, அடங்கல். உங்கள் ஆள் அதற்கெல்லாம் முந்தியவர்.

சின்னத்தம்பி என்பது கூப்பிடு பெயராகத்தான் இருக்கும். தெருவுக்கு நாலு சின்னத்தம்பி உண்டு. முழுப்பெயர் தெரியாமல் எந்த ஆபீஸ் படியும் ஏறாதீர்கள், அலைச்சல்தான் மிச்சம். பரணில் கிடக்கும் பித்தளைச் சாமான்களை இறக்குங்கள். அண்டா, குடம், தாம்பாளம் எதுவானாலும் சரி. கழுத்தோரத்தில் உளியால் புள்ளி புள்ளியாகக் குத்திப் பெயர் வெட்டியிருப்பார்கள். புளி போட்டுத் தேய்த்து, ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். கொள்ளுப்பாட்டிக்குச் சீராக வந்த பாத்திரமென்றால் கொடுத்தவர் பெயரும் ஊரும் இருக்க வாய்ப்புண்டு. அந்த ஊரில் பாட்டியின் பிறந்த வீட்டு வழியினர் யாராவது இருந்தால், மாப்பிள்ளையின் பெயர் அங்கே தெரியும். புருஷன் பெயரைச் சொல்லக்கூடாது என்ற கட்டுப்பாடு பாட்டிக்குத்தானே, அவர் அண்ணன் தம்பிக்கு இல்லையே! தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கம் இருப்பதால், உங்கள் மாமாக்களில் மூத்தவர் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது பத்திரம். நான் பதிவு ஆபீசில் தலைநரைத்தவன் என்பதால் இதைக் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். இணையத்தில் வில்லங்கம் (ஒரு சொத்தின் மேல் பதிவான பத்திரங்களின் பட்டியல்) பொதுவாக 1975-க்குப் பிறகுதான் கிடைக்கும். அதற்கு முந்தியதற்கு சார்பதிவாளர் அலுவலகத்தில் மனு போட்டுக் கைப்பட எழுதிய புத்தகங்களில் தேடச் சொல்ல வேண்டும். உங்கள் கிராமம் அப்போது எந்த அலுவலகத்தின் கீழ் இருந்தது என்று முதலில் கேளுங்கள். மன்னார்குடி இப்போது திருவாரூர் மாவட்டம் என்றாலும் அன்றைய காகிதமெல்லாம் ‘தஞ்சாவூர் ஜில்லா’ என்றுதான் பேசும். சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்குப் போனாலும் தஞ்சாவூர் என்றே கேளுங்கள்.

பத்திரம் கிடைத்ததும் எல்லோரும் வாங்கியவர், விற்றவர் பெயரைப் பார்த்துவிட்டு மூடிவிடுவார்கள். சக்குபந்தியை, அதாவது நாலு எல்லை சொல்லும் பகுதியை, படிப்பதில்லை. ஒரு காணி நிலம்கூட வாங்காதவன், விற்காதவன் அங்கே எல்லையாக நிற்பான்: ‘வாய்க்காலுக்குத் தெற்கு, இன்னார் மனைக்கு மேற்கு’ என்று. கூப்பிடு பெயர் அப்படியே ஏறியிருப்பதும் அங்கேதான், ‘கோவிந்தசாமி என்கிற சின்னத்தம்பி’ என்ற மாதிரி. ஆகவே உங்கள் வீட்டுப் பத்திரம் இல்லையே என்று உட்கார வேண்டாம். பக்கத்து வீடு, எதிர்வீட்டுத் தாய்ப்பத்திரத்தைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். நிலத்தகராறு கிளப்ப வரவில்லை என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் காபியோடு அனுப்பிவிடுவார்கள். அவருடைய அண்ணன் தம்பிகள் பாகப்பிரிவினை செய்திருந்தால் ரொம்ப நல்லது. தேசாந்திரம் போனவரின் பங்கை என்ன செய்தோம் என்று ஒரு வரியாவது எழுதாமல் பிரித்திருக்க மாட்டார்கள்.

அவர் பண்ணையாளாக இருந்தவரென்றால் இந்த வழி பெரும்பாலும் அடைபட்டுவிடும். குடியிருந்தவருக்கே மனையைச் சொந்தமாக்கிய 1971 குடியிருப்புச் சட்டம் வரும்வரை டெல்டாவில் எத்தனையோ பேர் குடியிருந்த மனையே மிராசுதாருடையது. அப்படியானால் கங்காணி, அதாவது தோட்ட வேலைக்கு ஆள் சேர்த்தவர், வழியைப் பிடியுங்கள். கங்காணி பெரும்பாலும் தன் ஊர், அக்கம்பக்கத்து ஊர் ஆட்களைத்தான் திரட்டிக்கொண்டு போவார். உங்கள் தெருவிலிருந்து வேறு யார் மலேயா போனார்கள், எந்தத் தோட்டத்துக்கு என்று விசாரியுங்கள். அவரும் அங்கேயே போயிருக்கலாம். பழைய மொய் நோட்டுகளையும் கேளுங்கள், ஊர்ப் பெயரோடு ஆள் பெயர் எழுதிய கணக்கு அது. தோட்ட வேலைக்கு ஆள் கூட்டிப்போவதை இந்திய அரசு 1938-இல் நிறுத்திவிட்டது. கங்காணியோடு போனவரென்றால் அதற்கு முன்பே போயிருக்க வேண்டும்.

வந்த கடிதங்கள் தொலைந்திருந்தாலும் உறையோ ஸ்டாம்போ யார் பெட்டியிலாவது இருக்கலாம். புலி பாயும் ஸ்டாம்ப் என்றால் பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் என்ற நாலில் ஒன்று. நெற்கதிர்க்கட்டு இருந்தால் கெடா. வட்ட முத்திரையில் தபாலாபீஸ் பெயர் தெரிந்தால் தோட்டத்தை நெருங்கிவிட்டீர்கள். 1942-இல் ஜப்பான்காரன் மலேயாவைப் பிடித்தபின் கடிதம் நின்றிருந்தால், அவர் நம்மை மறந்துவிட்டார் என்று தீர்மானிக்காதீர்கள். தோட்டத் தமிழர்களைச் சயாம் ரயில் பாதை போடக் கூட்டம் கூட்டமாகக் கொண்டுபோன காலம் அது, திரும்பாதவர்கள் ஏராளம். நம் திருவாரூர்க்காரர் கோ. சாரங்கபாணி 1935-இல் தொடங்கிய சிங்கப்பூர்ப் பத்திரிகை ‘தமிழ் முரசு’வின் பழைய இதழ்களைச் சிங்கப்பூர் தேசிய நூலகம் இணையத்தில் வைத்திருக்கிறது. முழுப்பெயர் கிடைத்தபின் அங்கேயும் தேடிப் பாருங்கள்.

கேள்வி: தாத்தாவின் அப்பா ஜாதகத்தில் ‘தாது வருஷம், ஆவணி’ என்று இருக்கிறது. ஆங்கிலத் தேதி இல்லை. எந்த வருஷம்?
– வாசகர், கும்பகோணம்

பதில்: அறுபது வருஷத்துக்கு ஒரு தாது. பெரும்பஞ்சம் வந்த 1876-ம் தாது, 1936-ம் தாது. உங்கள் தாத்தாவின் வயதைக் கணக்குப் போட்டால் ஒன்று தானாகக் கழிந்துவிடும். சந்தேகமிருந்தால் ஜாதகத்தில் உள்ள கிழமையையும் நட்சத்திரத்தையும் பழைய பஞ்சாங்கத்தோடு ஒத்துப்பாருங்கள். நிலக் காகிதத்தில் பசலி (நிலவரிக் கணக்கு ஆண்டு) இருந்தால் 590 கூட்டுங்கள். பசலி 1346 என்றால் 1936 ஜூலையில் தொடங்கும் வருஷம்.

கேள்வி: வைத்தீஸ்வரன்கோயிலில் நாடி ஜோதிடம் பார்த்தால் முப்பாட்டன் பெயர் வரும் என்கிறார்களே?
– வாசகர், சீர்காழி

பதில்: முப்பாட்டன் பெயர் உங்களுக்குத் தெரியாது. ஓலையில் வந்த பெயர் சரிதானா என்று எதை வைத்துப் பார்ப்பீர்கள்? நாடிக்கு எடுத்துவைத்த பணத்தில் மேலே சொன்ன வில்லங்கத்துக்கு மனு போடுங்கள்.