வெள்ளி நோமிகாய், சனி பயணம், ஞாயிறு விருந்து: இரண்டரை நாளில் எல்லாம் நடக்குமா?

கேள்வி: தோக்கியோவுக்கு வேலைக்கு வந்து முதல் வருடம், நிஷி-கசாயில் வீடு. அக்டோபர் கடைசி வெள்ளி ராத்திரி ஷிம்பாஷியில் அலுவலக நோமிகாய், அதாவது சேர்ந்து குடிக்கும் விருந்து, இருக்கிறது. அது முடிந்ததும் நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து நைட் பஸ்ஸில் கியோட்டோ போய், ஞாயிறு மாலை திரும்பி, ஏழு மணிக்கு என் வீட்டில் எல்லோருக்கும் சாப்பாடு என்று பேசி வைத்திருக்கிறோம். நான் குடிப்பதில்லை, சைவம். ஜே.ஆர். ரயில் பாஸ் வாங்கினால் லாபமா? திங்கள் காலை வேலைக்கும் போயாக வேண்டும்.

பதில்: பாஸ் விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். நாடு முழுக்கச் செல்லும் ஜே.ஆர். பாஸ் சுற்றுலா விசாவில் வருகிறவர்களுக்கானது. வேலை விசாவில் இங்கே குடியிருக்கும் உங்களுக்குக் கிடைக்காது. ஷின்கான்சென் புல்லட் ரயிலில் கியோட்டோ போய்வர ஆளுக்கு 28,000 யென் பக்கம் ஆகும். அதற்காகத்தான் பஸ் என்று யோசித்திருப்பீர்கள், ஆனால் நோமிகாய்க்குப் பையோடு போய், புகையும் பீர் வாசனையும் ஒட்டிய சட்டையோடு எட்டு மணி நேரம் உட்கார்ந்தபடியே தூங்கி, சனி விடிகாலை கடை எதுவும் திறக்காத ஊரில் இறங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. கியோட்டோவை ஒரு நீண்ட விடுமுறைக்கு வைத்துக்கொள்ளுங்கள். இந்த வாரம் தோக்கியோவுக்கு வடக்கே இருக்கும் கோயில் ஊரான நிக்கோ போங்கள், ராத்திரி பக்கத்திலேயே கினுகாவா வெந்நீர் ஊற்று ஊரில் தங்குங்கள்.

இப்போது வெள்ளிக்கிழமை. இந்த வார இறுதி உருப்படுமா என்பது அன்று ராத்திரி பத்து மணிக்கே தெரிந்துவிடும். ஏற்பாடு செய்கிற ஆளிடம் இரண்டு நாள் முன்பே சைவம், குடிப்பதில்லை என்று சொல்லிவிடுங்கள். போய் உட்கார்ந்த பிறகு சொன்னால் அவருக்குத்தான் தர்மசங்கடம். ‘கம்பாய்’ என்று எல்லோரும் கோப்பையை உயர்த்தும்போது உங்களுக்கு ஊலாங் டீ போதும், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். பெரும்பாலும் இரண்டு மணி நேரக் கணக்கு, ஆளுக்கு நாலாயிரம் ஐயாயிரம் யென் வரும், குடிக்காதவருக்கும் பல இடங்களில் அதே பங்குதான். அதற்கு முகம் சுளிக்காதீர்கள்.

முடிவில் ஒருவர் எழுந்து நாலு வார்த்தை பேச, எல்லோரும் சேர்ந்து ஒரே தடவை கை தட்டுவார்கள். அப்புறம் கடை வாசலில், யாரும் கிளம்பாமல், பத்து நிமிடம் கும்பலாக நிற்பார்கள் பாருங்கள், நிஜிகாய்க்கு, அதாவது இரண்டாவது சுற்றுக்கு, ஆள் சேர்ப்பது அங்கேதான். அந்த நேரத்தில் ‘அஷிதா ஹயாய் நோதே’, அதாவது நாளைக்குச் சீக்கிரம் எழ வேண்டும் என்று சொல்லி, ‘ஒத்ஸுகரேசமா தெஷ்தா’ என்று விடைபெறும் வார்த்தையையும் போட்டுவிட்டு ஸ்டேஷன் பக்கம் நடங்கள். முதல் சுற்றுக்கு வந்ததே மரியாதை, இரண்டாவது சுற்று அவரவர் விருப்பம். ஷிம்பாஷியிலிருந்து கின்ஸா லைனில் நிஹோம்பாஷி, அங்கே தோசாய் லைனுக்கு மாற வேண்டும் இல்லையா, கடைசி ரயில் நேரத்தைப் பார்க்கும்போது மாறுகிற ரயிலையும் சேர்த்துப் பாருங்கள். விட்டுவிட்டால் டாக்ஸிதான்; ராத்திரி பத்து முதல் காலை ஐந்து வரை இருபது சதவீதம் கூடுதல் என்பதால் ஐயாயிரம் யென் பக்கம் வந்து நிற்கும்.

சனி காலை, நிக்கோ ரயில் கிளம்பும் அசாகுசா வரை போக வேண்டியதில்லை. கயாபாச்சோவில் ஹிபியா லைனுக்கு மாறி கிதா-செஞ்சு போனால், அங்கேயே தோபு ரயில் கம்பெனியின் ஸ்பேசியா எக்ஸ் விரைவு ரயில் நிற்கும். நிக்கோவுக்கு ஆளுக்கு சுமார் 3,300 யென். எல்லாம் முன்பதிவு இருக்கைகள், அக்டோபர் சனிக்கிழமைகளில் சீக்கிரம் தீர்ந்துவிடும். டிக்கெட் ஒரு மாதம் முன்பே திறக்கிறது. கிடைக்காவிட்டால் அதே கம்பெனியின் ரெவாட்டி ரயிலைப் பாருங்கள். நம் ஆட்களில் ஒருவராவது ‘பார்த்துச் சொல்றேன் மச்சி’ என்று கடைசி வரை இழுப்பார், அவருக்காகக் காத்திருக்காமல் வருகிறவர்களுக்கு மட்டும் போட்டுவிடுங்கள். விடுதியும் அப்படித்தான், அன்றைக்குத் திடீரென ஒருவர் குறைந்தால் அவர் பணத்தையும் வாங்கிக்கொள்வார்கள்.

இறங்கியதும் நேரே தோஷோகு. தொக்குகாவா இயேயாசுவின் சமாதிக் கோயில். மூன்று குரங்குகளும் தூங்கும் பூனையும் அங்கேதான். அக்டோபரில் ஐந்து மணிக்கு மூடுகிறார்கள், அரை மணி முன்பே உள்ளே விடுவது நின்றுவிடும். யாராவது கெகோன் அருவி, சூசென்ஜி ஏரி என்று ஆரம்பித்தால் தடுத்துவிடுங்கள். அருவி அழகுதான், 97 மீட்டர், ஆனால் இலை சிவக்கும் பருவத்துச் சனிக்கிழமை அங்கே ஏறும் இரோஹாசாகா மலைப்பாதை வளைவுகளில் பஸ் மணிக்கணக்கில் நகராது.

சாப்பாடுதான் உங்களுக்குப் பெரிய தொல்லை. நிக்கோவில் யூபா என்கிற சோயாப்பால் ஏடு பிரபலம், பார்க்கச் சைவம்தான், ஆனால் அதை வேகவைக்கிற தாஷி பெரும்பாலும் மீன் வடிசாறு. சோபா நூடுல்ஸைத் தொட்டுச் சாப்பிடும் சாறிலும், மிசோ சூப்பிலும் அதேதான். இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாத சைவர்களும் உண்டு, அது உங்கள் இஷ்டம். வேண்டாம் என்றால் விடுதியில் பதிவு செய்யும்போதே ‘சகானா நோ தாஷி மோ தபெராரெமாசென்’ என்று எழுதுங்கள். முடியாது என்று பதில் வந்தால் ‘சுதோமாரி’, சாப்பாடில்லாத அறை மட்டும், எடுத்துக்கொண்டு புளியோதரை கட்டிப் போங்கள். ஸ்பேசியாவில் தாராளமாகப் பிரித்துச் சாப்பிடலாம், மெட்ரோவில் வேண்டாம்.

வெந்நீர்க் குளத்தில் துணியில்லாமல்தான் இறங்க வேண்டும். முதலில் சின்ன முக்காலியில் உட்கார்ந்து உடம்பை நன்றாகத் தேய்த்துக் கழுவிவிட்டு இறங்குங்கள். கையிலிருக்கும் துண்டு தண்ணீரில் படக்கூடாது, தலையில் வைத்துக்கொள்ளலாம். கூச்சமாக இருந்தால் ‘காஷிகிரி’ கேளுங்கள், பல விடுதிகளில் தனிக் குளத்தை நேரக் கணக்கில் தருவார்கள். ஊர்சுற்றும்போது பாஸ்போர்ட் தேவையில்லை, ஆனால் ஸாய்ரியூ கார்டு, அதாவது உங்கள் குடியிருப்பு அட்டை, எப்போதும் கையில் இருக்க வேண்டும், அது சட்டம்.

ஞாயிறு மதியம் ஒரு மணி வாக்கில் கினுகாவாவிலிருந்து கிளம்புங்கள். அதற்கு முன் ஸ்டேஷன் கடையில் அலுவலகத்துக்கு ஓமியாகே, அதாவது ஊரிலிருந்து வாங்கி வரும் தின்பண்டம், தனித்தனியாகச் சுற்றியதாக, தலை எண்ணிக்கைக்கு மேல் இரண்டு மூன்று சேர்த்து. வீட்டு விருந்தை ஏழிலிருந்து ஐந்துக்கு இழுத்துவிடுங்கள். அடுக்குமாடிச் சுவர்கள் மெல்லியவை, ஒன்பது மணிக்கு மேல் நாலு தமிழர்கள் சேர்ந்து சிரித்தால் பக்கத்து வீட்டுக்காரர் உங்களிடம் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார், வீட்டை நிர்வகிக்கும் கம்பெனியிலிருந்து கடிதம்தான் வரும்.

பீர் வாங்கி வைப்பீர்கள் என்றால் இன்னொன்று. 2024 நவம்பர் முதல் குடித்துவிட்டு சைக்கிள் ஓட்டுவதற்கு மூன்று வருடம் வரை சிறை அல்லது ஐந்து லட்சம் யென் வரை அபராதம், ஓட்டப் போகிறார் என்று தெரிந்து ஊற்றிக் கொடுத்தவருக்கும் தண்டனை உண்டு. நிஷி-கசாயில் பாதிப் பேர் சைக்கிளில்தான் வருவார்கள். அவர்களுக்கு மோர் கொடுங்கள்.