41 புத்தகத்தையும் மொத்தமாக வாங்கலாமா?

கேள்வி: வேலை முடிந்து வந்தால் கனமான நாவல் எதுவும் ஓடுவதில்லை. சிரித்துக்கொண்டே படிக்க ஏதாவது சொல் என்று நண்பரைக் கேட்டேன். டெர்ரி பிராட்செட்டின் 'டிஸ்க்வேர்ல்டு' தொடர் என்றார். முதல் புத்தகம் வாங்கி, பாதியிலேயே நிற்கிறேன். இப்போது 41 நாவல்களும் சேர்ந்த செட் தள்ளுபடியில் வருகிறது. "போகப் போகப் பிடிக்கும், வாங்கிப் போடு" என்கிறார். வாங்கலாமா?

பதில்: செட் வேண்டாம். அதற்காகத் தொடரையே தலைமுழுகிவிடவும் வேண்டாம். நீங்கள் தப்பான வாசல் வழியாக உள்ளே போயிருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

முதல் நாவல் 1983-இல் வந்தது. அந்தக் காலத்து வாள்வீச்சு, மந்திரவாதிக் கதைகளைக் கிண்டலடிக்கும் புத்தகம் அது. கிண்டலுக்கு ஆளான கதைகளைப் படிக்காதவருக்குப் பாதி ஜோக் பிடிபடாது. போதாக்குறைக்கு, நாயகன் தட்டு மாதிரி இருக்கும் அந்த உலகத்தின் விளிம்பைத் தாண்டிக் கீழே போகும்போது புத்தகம் முடிந்துவிடும். மிச்சத்துக்கு 1986-இல் வந்த இரண்டாவது நாவலைத் தேட வேண்டும்.

ஆனால் 41-ம் ஒரே நீண்ட கதை இல்லை. ஒரே உலகத்தில் நடக்கும் பல கிளைக்கதைகள். மரணதேவன் ஒரு பையனை எடுபிடியாகச் சேர்த்துக்கொள்ளும் 'மார்ட்' (1987), ஒன்றுக்கும் உதவாத நகரக் காவலர்கள் டிராகனிடம் மாட்டும் 'கார்ட்ஸ்! கார்ட்ஸ்!' (1989), இரண்டில் எதையும் நேரடியாகத் தொடங்கலாம். என் ஓட்டு காவலர்களுக்கு. தொடரோடு ஒட்டாமல் தனியாக நிற்கும் ஒன்று போதும் என்றால் 'ஸ்மால் காட்ஸ்' (1992).

அதையும் உடனே வாங்க வேண்டியதில்லை. நூலகத்தில் கிடைத்தால் நல்லது. இல்லையென்றால் மின்னூல் கடைகள் இலவசமாகக் காட்டும் மாதிரிப் பக்கங்களைப் படியுங்கள். பத்துப் பக்கத்துக்குள் ஒரு தடவைகூட உதடு விரியவில்லையா? மூடிவிடுங்கள். நகைச்சுவையில் "போகப் போக" என்ற பேச்சை நான் நம்புவதில்லை. அப்புறம் அந்தத் தள்ளுபடிக் கணக்கு. செட்டின் விலையை 41-ஆல் வகுக்காதீர்கள், நிஜமாகப் படிக்கப்போகும் ஐந்தோ ஆறோ அதால் வகுத்துப் பாருங்கள்.

கேள்வி: டக்ளஸ் ஆடம்ஸின் விண்வெளி நகைச்சுவை நாவலான 'ஹிட்ச்ஹைக்கர்ஸ் கைடு' முத்தொடர் என்று கேள்விப்பட்டு மூன்று புத்தகம் வாங்கினேன். இப்போது நான்காவது, ஐந்தாவது என்றெல்லாம் கண்ணில் படுகிறது. ஏமாந்துவிட்டேனா?

பதில்: இல்லை, ஆசிரியரின் ஜோக்கில் மாட்டிக்கொண்டீர்கள். முதல் மூன்று நாவல்கள் 1979, 1980, 1982-இல் வந்தன. 1984-இல் நான்காவதும், 1992-இல் ஐந்தாவதும் சேர்ந்த பிறகும் அதை முத்தொடர் என்றே சொல்லிக் கேலி செய்தார்கள். ஆறாவதை 2009-இல் இயோன் கோல்ஃபர் எழுதினார், அது கட்டாயமில்லை. ஐந்தும் ஒரே தொகுப்பாகக் கிடைப்பதால் புதிதாக வாங்குபவர்களுக்கு அதுதான் லாபம். ஆனால் அட்டையில் 'முழுமை' என்று போட்டிருப்பதை நம்பாமல், உள்ளே இருக்கும் தலைப்புகளை எண்ணிப் பாருங்கள். இந்தத் தொடருக்கு மட்டும் வரிசை முக்கியம்.

கேள்வி: இந்த வகைக்கு அச்சா, மின்னூலா, ஒலிநூலா?

பதில்: பிராட்செட் என்றால் அச்சு. அவருடைய நல்ல ஜோக்குகளில் பல அடிக்குறிப்பில்தான் ஒளிந்திருக்கும். பக்கத்தின் அடியில் பார்த்துவிட்டு உடனே மேலே வருவதில் ஒரு சுகம் உண்டு. மின்னூலில் தட்டித் தட்டிப் போய் வர வேண்டும். ஆடம்ஸ் என்றால் தயங்காமல் ஒலிநூல். அந்தக் கதையே 1978-இல் பிபிசி வானொலி நாடகமாகத்தான் பிறந்தது.

மின்னூலில் இன்னொரு விஷயமும் உண்டு: பெரும்பாலும் நீங்கள் வாங்குவது படிக்கும் உரிமத்தை மட்டுமே. 2009-இல் அமேசான், விற்ற மின்னூல் ஒன்றை உரிமச் சிக்கலால் வாசகர்களின் கிண்டில் கருவிகளிலிருந்தே அழித்தது, பணமும் திருப்பித் தந்தது. அழிந்தது என்ன புத்தகம் தெரியுமா? அரசாங்கம் பழைய பதிவுகளை அழித்து வரலாற்றையே மாற்றும் கதை, ஜார்ஜ் ஆர்வெல்லின் '1984'.